தவிட்டுக்கு விற்ற தம்பி

சோற்றை வாயில் வைத்தால் நறநறவென்று கடிபடும். தண்ணீரிலும் தலையணையிலும் என் இரட்டைச் சடையிலும்கூடச் சிமெந்துத் தூள்தான். சிலிபினில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் பின்சுவரை இடித்து, அப்பா அடுப்படியைப் பெரிதாக்கிய பள்ளி விடுமுறை அது. அடுப்பு கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டது. பானை சட்டியெல்லாம் நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தன. அப்போது எனக்கு எட்டு வயது. நடை பழகி ஓட்டத்தில் இருந்த தம்பியை அந்தக் களேபரத்தில் காப்பது என் தலையில் விழுந்தது.

அம்மா தன் பழைய சேலையின் ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறு முனையை வாசல் இரும்புக் கம்பியிலும் கட்டிவிடுவார். "பாத்துக்கடி, ஆணி கீணிய வாயில போட்டுறப் போறான்" என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். அவன் போடாத பொருளில்லை. தூளைத் தின்றே அவனுக்கு இளைப்பு வந்தது. மருந்துக்கும் அடங்கவில்லை.

லகாட்டிலிருந்து வந்த அத்தைதான் வழி சொன்னார். "வீட்ட ஒடைக்கிற நேரம் புள்ளைக்கு ஆவல. தவிட்டுக்கு வித்துடு, அப்புறமா வாங்கிக்கலாம்." பிள்ளை வேறொருத்திக்குச் சொந்தமாகிவிட்டால் பிணி அவனைத் தேடி வராது என்பது நம் வழக்கம். பக்கத்து வீட்டு லியோங் ஆன்ட்டி சீனர்தான், ஆனால் ரப்பர் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கோழிக்குப் போடும் தவிட்டில் ஒரு பால்மாவு டின் நிறைய அள்ளி வேலிக்கு மேலே நீட்டினார். அம்மா அதை வாங்கிக்கொண்டு தம்பியை நீட்டினார்.

அம்மாவுக்கு அது ஒரு பாவனை. ஆனால் சீனர்களிடமும் நோஞ்சான் பிள்ளையை இன்னொருத்தி மகனாக ஏற்கும் வழக்கம் உண்டு, அங்கே ஏற்றால் ஏற்றதுதான். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுநாளே அவனுக்குப் புதுச் சட்டை, தனிக் கிண்ணம், ஒரு சீனப் பெயரும்கூட. "இனிமே இவன் எனக்கு மவன் லா" என்றார் ஆன்ட்டி. எல்லாரும் சிரித்தோம்.

வீட்டு வேலை முடியும்வரை அவன் அங்கேதான் வளர்ந்தான். அந்த வீட்டில் தூள் இல்லை, ஏர்கோன் குளிர்ச்சி இருந்தது, ஆன்ட்டி மடி இருந்தது. நான் இங்கே துடைப்பமும் கையுமாகக் கூட்டக் கூட்ட விழும் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. வேலியோரம் போய் நின்று தொண்டை கமறும் வரை இருமினேன். "என்னையும் வித்துடும்மா" என்று கேட்டும் பார்த்தேன். "ஒன்னைய வித்துட்டா வீட்ட யாரு கூட்டுறது?" என்றார் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆனால் அவர் வயிறும் எரியத் தொடங்கியதை நான் கண்டேன். சோறு பிசைந்து வேலியோரம் நீட்டினால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆன்ட்டியின் கஞ்சிக் கரண்டிக்கு வாயைத் திறப்பான். "பெத்தவ கையில ஒரு வா வாங்க மாட்டேங்குறான்" என்று அப்பாவிடம் பொருமினார். புது அடுப்படியில் சுவருக்கு அடித்த சாயம் காயும் முன்பே தவிட்டோடு போய் அவனை வாங்கி வந்துவிட்டார். ஆன்ட்டி மறுக்கவில்லை. ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் மட்டும் அவனைக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்டார். அவனும் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

இப்போது ஜெலாப்பாங்கில் என் வீட்டுக் குளியலறையை உடைக்கிறார்கள். என் பிள்ளைகள் இருவரையும் ஓர் அறைக்குள் விட்டு ஆளுக்கொரு கைப்பேசியைக் கொடுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். இங்கே வேலி இல்லை, ஆளுயரச் சுவர்தான். அதற்கு அப்பால் இருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. சிலிபினிலும் வேலியை எடுத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

சென்ற மாதம் லியோங் ஆன்ட்டி தவறிவிட்டார். கோலாலம்பூரிலிருந்து ஓடி வந்த தம்பியை அந்த வீட்டு மூத்த மகன் கைபிடித்து அழைத்துப் போய், பெற்ற பிள்ளைகள் துக்கத்துக்குப் போடும் சணல் துணியைத் தோளில் போட்டு, தனக்கு அடுத்தபடியாக முட்டி போட வைத்தார். தம்பி தரையில் நெற்றி பட விழுந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. நானும் அம்மாவும் துக்கம் கேட்க வந்த மற்றவர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு இப்புடி அழுவானாடி?" என்றார் அம்மா மெதுவாக.

"நான் அழுவேன்மா" என்றேன்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.