மிஸிஸ் டன்லிக்கு ஒரு தாள்

“இதுலயும் கல்நெஞ்சுக்காரிதானா?” என்று கேட்டார் நெய்னார் நானா, இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்த தாளைத் தூக்கிப் பிடித்தபடி.

“யாரு நானா?” என்றாள் அமானி.

“இந்த மிஸிஸ் டன்லிதான். காலையிலருந்து நாலு புள்ளைகள்ற நோட்ஸ் அடிச்சன். நாலு பேரும் அவவ நரகத்துக்கு அனுப்பிட்டாங்க. நீ அமைதியான புள்ள, கொஞ்சம் இரக்கம் காட்டுவாய் என்டு பார்த்தா, அடியில ரெண்டு கோடு வேற கீறி வச்சிருக்காய்.”

“அவ ஒரு அநாதைப் புள்ளைய மழைக்குள்ள வெளிய தள்ளினவ, நானா.”

“ஏன் தள்ளினாவாம்?”

அமானி யோசித்தாள். “அது… அவ அப்பிடித்தான். இடுப்புல எப்பவும் சாவிக்கொத்து. சிரிக்கவே மாட்டா.”

“என்ட வீட்டுலயும் ஒரு ஆள் சாவிக்கொத்தோடதான் திரியிறா. சிரிக்கிறது பெருநாளைக்கு மட்டுந்தான். அவவ எந்தப் பேப்பர்ல எழுதப்போறீங்க?”

பின்கதவுக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி நஃபீஸாவின் குரல் வந்தது. “காது கேக்குது எனக்கு!”

நெய்னார் நானா நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த தாளை வைத்தார்.

புத்தளத்துத் தில்லையடியில் அவருடைய போட்டோகொப்பிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு விண்ணப்பமோ விதவைச் சான்றிதழோ பரீட்சைக் குறிப்போ அவருடைய இயந்திரக் கண்ணாடியில் படுக்காமல் வெளியே போனதில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது அவருக்குப் பதின்மூன்று வயது. கற்பிட்டியில் படகை விட்டு இறங்கிய உம்மாவின் கையில் தையல் மெசினின் தலை இருந்தது, வாப்பாவின் கையில் ரேடியோ. நெய்னாரின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் அலுமாரியின் மேல்தட்டிலேயே கிடந்துவிட்டது. அந்த ஒரு தாளுக்காக அவர் பள்ளிக்கூட வாசலில் இரண்டு வருடம் அலைந்தார். தாள் வந்து சேர்ந்தபோது வகுப்பில் மீசை முளைத்த ஒரே மாணவன் அவர்தான். வெட்கத்தில் படிப்பை விட்டுவிட்டார்.

அதனாலோ என்னவோ, தாள் விசயத்தில் அவர் விளையாடுவதில்லை. அடையாள அட்டையைக் கண்ணாடியில் மறந்துவிட்டுப் போகிறவர்களைச் சந்திவரை துரத்திப் பிடிப்பார். “என்ட கடையில ஒரு தாள் துலைஞ்ச சரித்திரம் இல்ல” என்பதுதான் அவர் அடிக்கும் ஒரே பெருமை.

மிஸிஸ் டன்லி அவருடைய கைக்கு வந்த கதை வேறு. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில இலக்கியத்துக்கு அந்த வருடம் ஒரு பழைய ஆங்கில நாவல் பாடமாக இருந்தது. ஒரு பெரிய வீடு, அதன் கோபக்கார எசமான், எலன் என்ற அநாதைப் பெண், வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸிஸ் டன்லி. புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பாடம் படிப்பித்த இசபெல் மிஸ் தன்னுடைய பிரதியை நெய்னார் நானாவிடம் கொடுத்தார். அவர் ஒரு முறை முழுதாகக் கொப்பி அடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதிலிருந்து புத்தளம், கற்பிட்டி, வண்ணாத்திவில்லு என்று முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அடித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. புத்தகத்தைப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. பிள்ளைகள் தாங்களே வாசித்து, தாங்களே குறிப்பெழுதி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள்.

‘ஏன் தள்ளினாவாம்?’ என்ற கேள்வி வீட்டுக்குப் போன பிறகும் அமானியை விடவில்லை. கொப்பியைப் புரட்டினாள். ஒரு தாளின் கடைசி வரியில் மிஸிஸ் டன்லி எலனின் அறைக்கதவைத் திறக்கிறாள். அடுத்த தாளின் முதல் வரியில் எலன் மழையில், பூட்டிய கேற்றுக்கு வெளியே நிற்கிறாள். அவள் மேலே கிடக்கும் கறுப்புக் கோட்டு யாருடையது? எங்கேயும் சொல்லவில்லை. பக்க எண்களைப் பார்க்கலாமென்றால், அவை அடியோரத்தோடு வெட்டுப்பட்டிருந்தன.

மறுநாள் உப அதிபரிடம் சாவி கேட்டு வாங்கி, அலுமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்தாள். நூற்று நாற்பத்து நான்காம், நூற்று நாற்பத்தைந்தாம் பக்கங்கள் கொப்பியில் இல்லை. எசமான் எலனைப் பைத்தியக்கார ஆசுபத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதிவிட்டு வேட்டைக்குப் போயிருக்கிறான். மிஸிஸ் டன்லி தன் கோட்டை அவளுக்குப் போட்டு, பித்தானைப் பூட்டி, தன் தங்கையின் விலாசத்தைக் கையில் திணித்து, அவன் திரும்புவதற்குள் அவளைக் கேற்றுக்கு வெளியே அனுப்புகிறாள். அழக்கூட நேரம் கொடுக்கவில்லை.

இலக்கியப் பேப்பருக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. அமானி அதிகம் கதைக்காத பிள்ளை. தான் மட்டும் சரியாக எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. முப்பது பேர் மிஸிஸ் டன்லியைப் பற்றிப் பிழையாக எழுதுவார்கள். ஆனால் நெய்னார் நானாவிடம் சொன்னால் அவருடைய ஒரே பெருமை போய்விடும். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு முன்னால் இரண்டு முறை நடந்தாள். மூன்றாம் முறை உள்ளே போனாள்.

“நானா, இந்த ரெண்டு பக்கமும் ஒரு கொப்பி.”

“இது நான் அடிச்சதுதானே, புள்ள?”

“இல்ல நானா.”

அவர் மேசைக்கு அடியிலிருந்த தன் பிரதியை எடுத்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். திரும்பவும் முன்னுக்கிருந்து புரட்டினார். காது சிவந்துவிட்டது.

“ஹயாத்து முகம்மது,” என்றார் கடைசியில். “அன்டைக்கு இந்தப் புத்தகம் கண்ணாடியில கிடக்கக்குள்ள, ஐடென்டிட்டி கார்டோட ஓடி வந்தாரு. பஸ் நிக்குது, பஸ் நிக்குது என்டு ஒரே கத்து. புத்தகத்தத் தூக்கிட்டுக் கார்ட வச்சன். திரும்ப வைக்கக்குள்ள ஒரு தாளக் கூடப் புரட்டிட்டன் போல.” கதிரையில் உட்கார்ந்தார். “யா அல்லாஹ், முப்பத்தொரு புள்ளைகள்.”

உட்கார்ந்தது ஒரு நிமிடம்தான். எழுந்து முப்பத்தொரு தாள் அடித்தார். பெயர்களை அமானி எழுதிக் கொடுத்தாள்.

“ஒரு தாளுக்கு மூனு ஊர் சுத்தப்போறீங்களா?” என்றாள் நஃபீஸா. “கடைய யாரு பார்க்கிற?”

“நீதான். சாவிக்கொத்து உன்ட இடுப்புலதானே கிடக்கு.”

நஃபீஸா சிரித்துவிட்டாள். பெருநாளுக்கு இன்னும் மாதக் கணக்கில் இருந்தது.

மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் அலைந்தார். வண்ணாத்திவில்லில் ஒரு பிள்ளை வயலில் நின்றே வாங்கி வாசித்தது. கற்பிட்டியில் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடிக்காரரின் மகள் அல்பொன்சா மட்டும் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாளாம்: “அங்கிள், நான் அவவக் கெட்டவ என்டே பாடமாக்கிட்டன். இனி எப்பிடித் திருத்துற?” அவளோடு வாசலில் உட்கார்ந்து, குறிப்பின் அந்தப் பகுதியை அவள் திரும்ப எழுதி முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை.

பேப்பருக்கு முதல் நாள் அமானி தன் பரீட்சை அனுமதி அட்டையைக் கொப்பி எடுக்கப் போனாள். அவர் எடுத்தார். மூலத்தை அவள் கையில் கொடுத்து, அவள் அதைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“புள்ள, ஒன்டு கேக்கட்டா?” என்றார். “நாளைக்கு யாரப் பத்தியும் எழுதலாம் என்டு கேள்வி வந்தா, நீ மிஸிஸ் டன்லியப் பத்தியே எழுது. நல்லா எழுது, ரெண்டு வரி கூடவே எழுது. அஞ்சு மாசமா மூனு ஊர்ல அவட பேரக் கெடுத்து வச்சது நான்.”