வீட்டுக்காவலில் ஒரு சூரிய கிரகணம்

சூரியனில் வரும் கரும்புள்ளிகளை ஆராய்வதுதான் என் பிழைப்பு. இராஜபாளையத்தில் அதைச் சொன்னால், "வெயிலுக்கு எதுக்குட்டி படிப்பு? இங்கதான் அம்புட்டு அடிக்குதே" என்று பெற்ற அம்மாவே கேட்பாள். அப்பேர்ப்பட்ட ஊரில், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரு கிரகணம் வாய்த்தது. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் திண்டுக்கல் பக்கம் ஏதோ மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நின்றார்கள். நான் அறைக்குள் கிடந்தேன். பிள்ளைத்தாய்ச்சி மேல் கிரகண வெளிச்சம் படக்கூடாதாம்.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். தூசி நுழையாமல் ஓர் அறையை அடைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பேண்டேஜ் சுருளைத் திணித்து, மேலே பிளாஸ்திரியும் ஒட்டினாள். பஸ்ஸில் அடிபட்டவன் மாதிரி நின்றது ஜன்னல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்த நேரம் விடும்மா. அதைப் பாக்க கண்ணாடி வச்சிருக்கேன்."

"கண்ணுக்குக் கண்ணாடி இருக்கு. வயித்துக்கு இருக்கா?"

ஆனால் ஜன்னல் கதவில் இருந்த பழைய ஆணி ஓட்டையை அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் வழியே வெளிச்சம் இறங்கி, நாற்காலியில் சாய்ந்திருந்த என் வயிற்றின் மேலேயே விழுந்தது. சின்ன ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம் சூரியனின் உருவத்தை அப்படியே கொண்டுவந்து போடும். அழகான பிறை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அம்மா பாய்ந்து வந்து உள்ளங்கையால் வயிற்றை மூடினாள். பிறை அவள் புறங்கையில் ஏறிக்கொண்டது.

"எந்திரிச்சு அங்கிட்டு உக்காரு."

"முடியலம்மா, இடுப்பு வலிக்கு" என்றேன். பாதி பொய். எழுந்து போய் ஓட்டையை அடைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, அதுவரை வயிறு திறந்து கிடக்குமே. வெளிச்சம் நகர நகர நானும் திருட்டுத்தனமாக நகர்ந்தேன், அவள் கையும் கூடவே வந்தது. எங்கள் தொலைநோக்கிகூட சூரியனை இவ்வளவு சுத்தமாகப் பின்தொடர்ந்ததில்லை.

"இதையெல்லாம் ஏம்மா நம்புற?" என்று சீண்டினேன்.

அவள் நிமிரவில்லை. "ஒனக்கு முந்தி ஒண்ணு இருந்துச்சு. கிரகணத்தன்னைக்கு வெளிய நின்னு துணி காயப்போட்டேன். தங்கல."

நான்தான் மூத்தவள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்கும் சூரியனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அடித்துச் சொல்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷமும் அந்தப் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று அழுகைதான் வந்தது.

பிறை மெல்லப் பெருத்து, அவள் புறங்கையில் முழு வட்டமானது. கிரகணம் முடிந்துவிட்டது.

"விட்டுருச்சா?" என்றாள்.

"இன்னும் செத்த நேரம் இருக்கும்மா" என்றேன். "கைய எடுத்துராத."