மூன்று சிபாரிசுக் கடிதங்கள்

1998ஆம் ஆண்டு நவம்பர் 28, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. கிழக்கே இடி மட்டும் ஓயவில்லை. தம்பானூரில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக்கில், எனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் போன பிறகு, நான் உள்ளே போனேன். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் டைப் செய்த கடிதம் ஏழு பிரதி, உறை ஏழு.

என் மகள் சைக்காலஜி எம்.ஏ. முடித்துவிட்டு அந்த மருத்துவரிடம் நான்கு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தாள். டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் கையெழுத்துப் போட வேண்டும்.

டாக்டர் மலையாளி, என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துப் பேசுவார். "ஸாரே, இது எதுக்கு? நான் எழுதித் தொடங்கியாச்சு. ரெண்டு பேஜ் ஆயி. நாளைக்கு ஞாயிறு, முடிச்சுத் தராம்."

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்? டைப் ஆயிட்டுது."

"சிரமம் ஒண்ணுமில்லா. இங்கெ ஒரு பேஷன்ட் பதினொண்ணு திவசம் வாய் திறக்கலை. உங்க மோள் தினமும் அவன் பக்கத்துல ஒரு மணிக்கூர் சும்மா இருந்தா. ஒண்ணும் கேட்கலை. பன்னிரண்டாம் நாள் அவன் அவகிட்ட மணி எத்தரைன்னு கேட்டான். அதை எழுதணும்."

இதைப் போய் ஒரு சான்றிதழில் யாராவது எழுதுவார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசித் தேதி டிசம்பர் 15. கூரியருக்கு ஏழு வேலை நாள். திங்களன்று கொடுத்தாலும் டிசம்பர் 9க்குள் போய்விடும், ஆறு நாள் மிச்சம். அந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஏழு கடிதத்திலும் ஏழு உறையிலும் கையெழுத்துப் போட்டார். பதினான்கு. ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

என் அவசரத்துக்குக் காரணம் அந்த அக்டோபரில் தொடங்கியது. மகளுக்கு ஒரு வங்கியில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்தது. பத்தனம்திட்டை கிளை, ஜனவரி 4ஆம் தேதி சேர வேண்டும். நான் ஒரு தாளை நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் வங்கி, ஒரு பக்கம் ஆராய்ச்சி என்று எழுதினேன். சம்பளம், க்ராஜுவிட்டி, பென்ஷன், படிப்புக்கு ஆகும் ஐந்து வருடம், அங்கே கொடுக்கும் உதவித்தொகை, அதுவும் கிடைத்தால்தான். நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் வங்கியே ஜெயித்தது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்தேன். மகள் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் நோட்டு எண்ணணும். அப்பா போங்க. அப்பாவுக்கு இஷ்டமான வேலையாக்கும்."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "அவ்வோளுக்கு வயசு வரம்பு தாண்டியாச்சே. இல்லேன்னா இன்னைக்கே பெட்டி கட்டியிருப்பாவ" என்று என்னைப் பற்றிச் சொன்னாள்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு மகள் சிரிக்காமல் சொன்னாள்: "எனக்கு இதுதான் வேணும் அப்பா. வேற ஒண்ணும் எனக்கு வராது."

நான் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு. பாடங்களும் தேர்வுகளும் அவள் பொறுப்பு. தாள்கள், உறைகள், கடிதங்கள் என் பொறுப்பு. "ஒரு தப்பும் வராம நான் பாத்துக்கிடுகேன் மக்ளே."

நான் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். கடைசிப் பதினெட்டு வருடம் நிர்வாகப் பிரிவு. ஊழியர்களின் ரகசிய அறிக்கைகளை மேலதிகாரிக்காக எழுதி வைப்பதும் என் வேலை. அவர் கையெழுத்து மட்டும் போடுவார். அதில் ஒருவனை ரொம்பப் புகழ்ந்தால் 'காரணம் காட்டுக' என்று திரும்பி வரும். குறை சொன்னால் அவன் மனுப் போடுவான். ஆகையால் எங்களுக்கென்று ஒரு நடை உண்டு. கடமைகளைத் திருப்திகரமாகச் செய்கிறார். நேரம் தவறாதவர். ஒழுக்கத்தில் சந்தேகம் எழுந்ததில்லை. பாதகமாக எதுவும் கவனத்துக்கு வரவில்லை. இப்படி எழுதிய ஒன்றுகூட என் காலத்தில் திரும்பி வந்ததில்லை.

கல்லூரியில் துறைத்தலைவரும் இன்னொரு பேராசிரியரும், நீயே ஒரு டிராஃப்ட் எழுதிக் கொண்டுவா, ஒப்புப் போட்டுத் தருகிறோம் என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள். அது அங்கே வழக்கம்தான். டாக்டர் ஒருவர்தான் தானே எழுதுவதாகச் சொன்னவர். மகள் அப்போது தேர்வுப் படிப்பில் இருந்தாள். மூன்று கடிதத்தையும் நான் எழுதினேன், அலுவலக ஆங்கிலத்தில். சந்தேகம் வரக் கூடாதென்று டி.டி.பி. சென்டரில் மூன்றுக்கும் மூன்று விதமான எழுத்துருவில் அடிக்கச் சொன்னேன். எழுத்துரு மாறியது, வாக்கியம் மாறவில்லை. டாக்டரின் பெயரில் இருந்ததையும் நானே எழுதியிருக்கிறேன் என்று மகளிடம் சொல்லவில்லை. எல்லாம் அனுப்பியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

வங்கியில் ஆறு மாத அவகாசம் கேட்டோம். ஒரு மாதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 3 வந்தது. அவள் போகவில்லை, நானும் போ என்று சொல்லவில்லை. இருபத்து மூன்று நாள் கழித்து முதல் கடிதம் வந்தது. ஒரே தாள், மூன்று வாக்கியம். வருந்துகிறோம் என்பது இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. ஏப்ரல் 19க்குள் ஏழும் வந்து சேர்ந்தன. தபால்காரர் கடைசி இரண்டை என்னிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலேயே துறைத்தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏழில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அவருக்கு எழுதியிருந்தாராம்: மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவைபோல இருக்கின்றனவே, உங்கள் பெயரில் உள்ளதை நீங்கள்தான் எழுதினீர்களா?

"ஒப்பு என்றெ. வாசகம் ஆருடெ ஸாரே?" என்று கேட்டார். கையெழுத்து அவருடையது, எழுதியது யார்? நான் பதில் சொல்லுவதற்குள், "இனி ஆ குட்டியுடெ ஒரு பேப்பரிலும் நான் ஒப்பிடில்லா" என்று வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் எந்தத் தாளிலும் இனிக் கையெழுத்துக் கிடையாது.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். "காப்பி வச்சிருப்பியளே, காட்டுங்க" என்றாள். வைத்திருந்தேன். ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். மூன்றையும் வாசிக்க அவளுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

"ஒரே ஆளு மூணு தடவ கொட்டாவி விட்ட மாதிரி இருக்கு. இதுல நான் எங்கப்பா இருக்கேன்?"

"நேரம் தவறாதவள்னு எழுதியிருக்கே மக்ளே."

"அது பஸ்ஸுக்குச் சொல்லுகது."

பிறகு மூன்றாவது தாளை மறுபடி எடுத்தாள். "டாக்டர் தானே எழுதுகேன்னாரே. இது அவர் எழுதினதா?"

இல்லை என்றேன். அவர் என்ன எழுத இருந்தார் என்று கேட்டாள். வாய் திறக்காத அந்த நோயாளியையும் பன்னிரண்டாம் நாளையும் டாக்டர் சொன்னபடியே சொன்னேன்.

"அவர் அதைக் கவனிச்சாரா?" என்றாள். யாருக்கும் தெரியாதென்று இருந்திருக்கிறாள்.

அவளை இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தவன் நான். அவளைப் பற்றி எனக்கும் சிலது தெரியும். பத்தாவது வயதில், அடுத்த வீட்டில் புருஷனை இழந்த பெண் சாப்பிட மறுத்தபோது, இவள் தன் தட்டை அங்கே எடுத்துப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், ஒன்பது நாள். பத்தாம் நாள் அந்தப் பெண்ணும் தட்டு எடுத்தாள். இப்போது எழுதும்போது இது வருகிறது. அந்த டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்திருந்தபோது வரவில்லை.

"அடுத்த வருஷம் பாக்கலாம். பணம் நான் தாறேன்" என்றேன்.

"யாருகிட்ட லெட்டர் வாங்குகதுக்கு? துறைத்தலைவர் லெட்டர் இல்லாம ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. டாக்டர் முன்னால போய் நிக்க எனக்கு முகம் இல்ல. சாரமில்ல, மதி."

பரவாயில்லை, போதும் என்று அர்த்தம். அவள் எப்போது மலையாளத்துக்குப் போகிறாளோ அப்போது பேச்சு முடிந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூனில் கொல்லத்தில் ஒரு பள்ளியில் கவுன்சலராகச் சேர்ந்தாள். சம்பளம் 2,600 ரூபாய். பரீட்சைப் பயத்துக்கு மருந்து கேட்டு வரும் பெற்றோர்களுக்குப் பதில் சொல்வதுதான் முக்கால்வாசி வேலை என்றாள். புறப்படுகிற அன்று, இந்த விண்ணப்பத்துக்கு மொத்தம் என்ன செலவு என்று கேட்டாள். பதினான்கு வரிகளில் எழுதி வைத்திருந்தேன்: தேர்வுகள், இரயில், விண்ணப்பக் கட்டணம், டிராஃப்ட், கூரியர், டைப், மற்றவை. மொத்தம் 34,598 ரூபாய். அவள் தாளை வாங்கி, ஒரு பிரதி எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து எழுநூறு ரூபாய் மணியார்டர் வந்தது. "பெத்த அப்பனுக்கு யாராவது இப்படி அனுப்புவாளா? திருப்பி அனுப்புங்க" என்றாள் மனைவி. இரண்டு தடவை நான் அதைக் கொல்லத்துக்கே அனுப்பினேன். இரண்டு தடவையும் அடுத்த மாதம் ஆயிரத்து நானூறாக வந்தது. பிறகு வாங்கிக்கொண்டேன். வாங்கினால் ஃபைலில் குறிக்கத்தானே வேண்டும், குறித்தேன். விடுமுறைக்கு வருவாள், சாப்பிடுவாள், அம்மாவோடு சிரித்துப் பேசுவாள். என்னிடம் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பாள். அந்த விஷயத்தை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

2003 ஜூலையில் கடைசி மணியார்டர் வந்தது, எழுநூற்று நாற்பத்தாறு ரூபாய். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காதவள். தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவாள். செய்தி எழுதும் துண்டில் அப்படி ஒரு வரி இருந்தது: 'கணக்கு தீர்ந்தது. லெட்டர் டைப் பண்ணினது மட்டும் அப்பாவுக்க செலவு.'

பதினான்கு வரிகளையும் எடுத்து, அவள் அனுப்பியதைக் கழித்து மிச்சத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூன்று கடிதம், ஏழு பிரதி, இருபத்தொரு பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்: இருநூற்று ஐம்பத்திரண்டு.