துடைத்துவிட்டுத் தொடுங்க

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. போன வாரம் என் கண்ணே மங்கலடித்தது. விருத்தாசலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண்ணில் பிரஷர் பார்க்க வேண்டுமாம். மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டு, சின்னக் கருவி ஒன்றைக் கருவிழியில் தொட்டுப் பார்ப்பார்களாம். சரி, தொடட்டும்.

எனக்கு முன்னால் திட்டக்குடிக்காரர் ஒருவர். கண் இரண்டும் கோவைப்பழம். அவரைத் தொட்ட அதே முனை, நேராக என்னை நோக்கி வருகிறது...

ஊரெங்கும் மெட்ராஸ் ஐ. கொலுவுக்கு இன்னும் இருபது நாள்தான். நான் கண் சிவந்து படுத்துவிட்டால், எங்கள் பொம்மை யூனிட்டில் நிற்கிற அத்தனை பொம்மைக்கும் யார் கண் எழுதுவது? கண்ணில்லாத அம்மனை எந்த வீட்டில் படியேற்றுவார்கள்?

கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். ஓட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே வாய் வராத ஆள் நான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்கண்ணே," என்றார் நர்ஸ்.

திறக்கவில்லை.

"ஊசியா போடுறோம்? இதுக்குப் போயி பயப்படுறீங்க."

"பயம் இல்லம்மா... அதைத் தொடச்சீங்களா?"

நர்ஸ் கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கூட்டத்துல மறந்துட்டேண்ணே. நல்லவேளை கேட்டீங்க."

மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த இன்னொரு முனையை எடுத்தார். நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து மாட்டினார். பழையது ஊறப் போனது.

எனக்குப் பின்னால் நின்று அதுவரை "சேத்தியாத்தோப்பு பஸ்ஸு போயிடும், சட்டுனு பாரும்மா" என்று அவசரப்படுத்திய அம்மா, "எனக்கும் ஊறுனதையே எடும்மா. பஸ்ஸு கெடக்குது" என்றார்.

பிரஷர் சரியாக இருந்தது. கண்ணாடி மட்டும் மாற்றினார்கள். கூட வேலை செய்யும் மரியதாஸிடம் இந்தக் கதையை நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். நான் வாய் திறந்தது என்ன சாதாரண விஷயமா?

நேற்று அந்த நர்ஸ் கொலு பொம்மை வாங்க யூனிட்டுக்கே வந்துவிட்டார்.

சூளையிலிருந்து இறங்கிய பொம்மை சரியாக வெந்திருக்கிறதா என்று நாங்கள் நுனிநாக்கை வைத்துப் பார்ப்போம். நாக்கைப் பிடித்து இழுத்தால் வேக்காடு போதாது. மரியதாஸ் ஒரு யானையின் முதுகில் நாக்கை வைத்தான். சந்தேகம் போல. "நீ பாருண்ணே," என்று நீட்டினான். நானும் வைத்தேன், அதே முதுகில்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் நர்ஸ் நின்று பார்ப்பது பளிச்சென்று தெரிந்தது.

"தொடச்சீங்களாண்ணே?"

ஒரு வார்த்தை கேட்க அத்தனை கூசிய நாக்கு... யானையை நக்க மட்டும் இத்தனை வருஷமாகக் கூசவே இல்லையே.