வெள்ளிமலை பஸ்ஸில் நான் இறக்கிவிட்ட பயணி

புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் டிக்கெட் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரோல் சிக்கினால் என்ன செய்வது, ஸ்டேஜ் மாற்றி அடித்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது என்று. பாஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே என்று நானும் நினைத்திருந்தேன், அந்த மே மாதம் வரைக்கும்.

கள்ளக்குறிச்சி - வெள்ளிமலை ரூட்டில் எனக்கு அது மூன்றாவது வாரம். முந்தின வாரம்தான் ஒரு கல்லூரி மாணவரின் தேதி முடிந்த பாஸைக் கவனிக்காமல் விட்டு, செக்கிங்கில் மாட்டி, மெமோ வாங்கியிருந்தேன். அந்தச் சூடு ஆறவில்லை.

காலை டிரிப். கச்சிராயபாளையம் தாண்டியதும் முன் சீட்டுக்காரரிடம் பாஸ் கேட்டேன். கண் தெரியாதவர். மடியில் துணிக்கடைப் பை, கையில் மடக்குக் கோல். பாஸில் பெயர் குழந்தைவேலு. தேதி மார்ச்சோடு முடிந்திருந்தது.

"சார், இது முடிஞ்சிபோச்சி. டிக்கெட் எடுங்க."

"பழைய பாஸே ஜூன் வரைக்கும் செல்லும்னு உத்தரவு போட்டுகிறாங்க கண்டக்டர். உங்க டிப்போக்கு வந்திருக்குமே?"

"எனக்கு யாரும் சொல்லல சார்."

பின் சீட்டு அம்மா ஒருவர், "நான் எடுத்துடறேன், வுடுப்பா" என்றார்.

குழந்தைவேலு கையை நீட்டித் தடுத்தார். "வேணாம்மா. செல்லுற பாஸ வெச்சிக்கினு இன்னாத்துக்கு டிக்கெட்? இன்னிக்கி நான் எடுத்தா, நாளைக்கு இவரு எல்லாரையும் எடுக்கச் சொல்வாரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "அப்ப இறங்கிக்குங்க சார்" என்று விசில் அடித்தேன். அணைக்குப் பக்கத்தில், மலை ஏறும் முன் இருக்கும் செக்போஸ்டில் அவர் கோலை விரித்து இறங்கினார். டிரைவர் முருகேசன் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

பாதி மலை ஏறுவதற்குள் காற்றும் கோடை மழையும் பிடித்துக்கொண்டன. வெள்ளிமலையில் பஸ் நின்றதும் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் குடையோடு ஓடிவந்து சீட் சீட்டாகத் தேடினாள்.

"இன்னாங்க, எங்கண்ணன் வரலியா? கண்ணு தெரியாதுங்க அவருக்கு. இந்த பஸ்லதான் வரேன்னு போன்ல சொன்னாரு. எம்பொண்ணுக்கு இன்னிக்கி நிச்சயம், தாய்மாமன் அவருதாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் பைக்கில் நனைந்தபடி வந்து, கரியாலூருக்குக் கீழே மரம் சாய்ந்துவிட்டதாகவும், ஒரு ஜீப் அடியில் மாட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். செக்போஸ்டில் இறங்கியவர் அடுத்து வந்த ஷேர் ஜீப்பில்தானே ஏறியிருப்பார்? அந்தப் பெண் அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். லைன் கிடைக்கவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். "நான்தாம்மா இறக்கிவுட்டேன்." அவள் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, "போலாம் வாங்க" என்றாள். முருகேசன் அண்ணன் நேரம் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

மரம் விழுந்த வளைவு வரும்வரை நான் உட்காரவில்லை. படியிலேயே நின்றேன். ரோட்டை அடைத்துப் பெரிய மரம் கிடந்தது. நாலைந்து பேர் கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் ஜீப் எதுவும் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் முழுசாக நின்றிருந்தது. முன் சீட்டில் துணிக்கடைப் பையை மார்போடு அணைத்தபடி குழந்தைவேலு.

கிளைகளுக்கு நடுவே புகுந்து ஓடினேன். சட்டை கிழிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. "சார், நான் கண்டக்டர்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"யப்பா, வந்துட்டீங்களா! பஸ்சு மேலதான் மரம் சாஞ்சிபோச்சின்னு இங்க ஒருத்தர் சொல்லிக்கினு இருந்தாரு. அத்தினி பேரு உள்ள இருந்தாங்களேன்னு உசுரே இல்ல எனக்கு. யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். பின்னால் வந்த தங்கச்சி, "அழுவாதீங்க, அதான் நல்லா கீறாரே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். மரத்தை அறுத்து ஒதுக்கியதும் அண்ணனும் தங்கையும் அதே ஜீப்பில் மேலே போனார்கள். நிச்சயத்தட்டைக் கொஞ்சம் தாமதமாக மாற்றிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் டிப்போ நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். பழைய பாஸ் ஜூன் வரை செல்லும் என்ற சுற்றறிக்கை மூன்று வாரமாக அங்கேதான் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போயிருக்கிறேன்.

செக்போஸ்டில் சிக்னல் நன்றாகவே இருந்தது. டிப்போவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆகவே பாஸில் சந்தேகம் வந்தால் போன் போடுங்கள். ஆளை சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.