காம்பு இல்லாத பூசணிக்காய்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஏப்ரல் மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. அப்போது நாங்கள் சிட்னியில், டூங்கபியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கான்பராவுக்குப் போகும் பெருந்தெருவில், கோல்பர்ன் நகரம் தாண்டி ஒரு சின்ன ஊரில் பூசணித் திருவிழா நடக்கப் போகிறது என்று என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னாரில் எங்களுக்கு மாதாவுக்கும் அந்தோனியாருக்கும்தான் திருவிழா. பூசணிக்காய்க்கு யார் திருவிழா எடுப்பார்கள்? ஆனால் எங்கள் ஏழு வயது மகள் காதில் அது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் விடவில்லை.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மனைவி விடியவே எழும்பி மீன் கட்லட் பொரித்து எடுத்தாள். எங்கள் பழைய காரில் இரண்டரை மணித்தியாலம் ஓடினோம். இங்கே ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். வழியெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. புல்வெளிகளில் பனி இன்னும் கலையவில்லை. கோல்பர்னில் பெருந்தெருவோரம் கொங்கிரீட்டில் கட்டிய ஒரு செம்மறியாடு நிற்கிறது, மூன்று மாடி உயரம் இருக்கும். அதற்குள்ளே ஏறிக் கண்வழியாக வெளியே பார்க்கலாம். மகள் அப்போதே இறங்க வேண்டும் என்றாள். திரும்பி வரும்போது பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன்.

திருவிழா என்றால் உண்மையாகவே திருவிழாதான். ஊருக்குள் நுழையும் வழியில் வீட்டுக்கு வீடு, வயலில் காவலுக்கு வைப்பது போன்ற வைக்கோல் வெருளிகள். ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குக் கல்யாண உடுப்பு, ஒன்று கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் பூசணிக்காயைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடும் போட்டி. பூசணி சூப், பூசணிப் பணியாரம், பூசணி ஜாம். சின்னப் புகைவண்டி ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வயலைச் சுற்றி ஓடியது. ஒரு பக்கத்தில் ஆட்டுக்குட்டி, வாத்துக்குஞ்சு எல்லாம் தொட்டுப் பார்க்க விட்டிருந்தார்கள்.

மனைவி சூப் வாங்க வரிசைக்குப் போனாள். போகும்போது எனக்கு ஒரு வேலை தந்தாள்.

"கறிக்கு ஒரு நல்ல பூசணிக்காய் பாத்து வாங்குங்கோ. போன கிழமை மாதிரிப் பிஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ."

மரக்கறி வாங்குவதில் எனக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. இன்றைக்கு அந்தப் பெயரை மாற்றிவிட வேண்டும் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஆட்டு மயிர் கத்தரிக்கும் பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. வெளியே ஒரு குவியல் பூசணிக்காய். எல்லாம் சேறும் கீறலுமாகக் கிடந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, துடைத்து மினுக்கிய பூசணிக்காய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டை. ஒன்றில் 9, ஒன்றில் 11, ஒன்றில் 14. தரமான சாமான் உள்ளேதான் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் சந்தைகளில் மரக்கறியைத் தொடாமல் யாரும் வாங்குவதில்லை. வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்ப்போம். சுரைக்காயை நகத்தால் அழுத்திப் பார்ப்போம். பூசணிக்காய் என்றால் முதலில் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும், பிறகு காம்பைப் பார்க்க வேண்டும். காம்பு காய்ந்து கட்டையாக இருந்தால் முற்றியது, பச்சையாக இருந்தால் பிஞ்சு. கடைக்காரரும் அதை ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனேன். 14 என்று போட்டிருந்த பூசணிக்காய் மற்றவற்றைவிடச் சின்னது. ஆனால் சாம்பல் நிறத் தோலில் ஒரு மறு இல்லை. தட்டினேன், சத்தம் நன்றாக இருந்தது. பதினாலு டொலர் கொடுப்பதென்றால் வடிவாகப் பார்த்துத்தானே வாங்க வேண்டும். காம்பைப் பிடித்து ஒரு திருகு திருகினேன்.

கடக் என்று முறிந்து என் கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் சுவரில் தொங்கிய பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, இது விக்கிறதுக்கில்லை. கிட்ஸ் வளத்தது. கொம்பெற்றிஷன்."

அப்போதுதான் மேசையின் மூலையில் நீலமும் சிவப்புமாகப் பரிசு நாடாக்கள் இருப்பதைக் கண்டேன். அட்டைகளில் இருந்தது விலை இல்லை, போட்டி இலக்கம். கொட்டகையின் மறுபக்கத்தில் கையில் தாளோடு இரண்டு பெண்கள் ஒவ்வொரு மேசையாகப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஆங்கிலம் அப்போது தொழிற்சாலைக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். அதோடு, பிழை நடந்த இடத்தில் நின்றால் ஆபத்து, நழுவிவிட வேண்டும் என்று பழகிப்போன ஒரு நாட்டிலிருந்து வந்தவன் நான். இது நான் சொல்லும் சாட்டு அல்ல, அப்போது என் கால்கள் அப்படித்தான் நடந்தன. காம்பை ஜக்கெற் பைக்குள் போட்டேன். மகளின் கையைப் பிடித்தேன்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ குஞ்சு. வாங்கோ, குட்டி ரெயின் வெளிக்கிடப் போகுது."

புகைவண்டியில் இரண்டு சுற்றுப் போனோம். மகள் சிரிக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். பைக்குள் இருந்த காம்பு நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

மனைவியைத் தேடிக்கொண்டு கார்கள் நிறுத்தியிருந்த பக்கமாகப் போனோம். அங்கே பின்பக்கம் திறந்த ஒரு விவசாய வாகனத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி நின்றாள். பத்து வயது இருக்கும். அவளுக்கு முன்னால் தொப்பியும் சேற்றுச் சப்பாத்துமாக அவளுடைய அப்பா. வாகனத்தின் தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பூசணிக்காய். அதற்குக் காம்பு இல்லை.

அந்த மனிதர் சத்தம் போடவில்லை. ஆனால் கடுமையாகப் பேசினார். எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தப் பாதியே போதும். காம்பில் பிடித்துத் தூக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன், காம்பு இல்லாததைத் தீர்ப்புக்கே எடுக்க மாட்டார்கள் என்று தெரியாதா, ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை உன் அவசரத்தால் கெடுத்துக்கொண்டாயே என்றார். அவள் நான் அப்படித் தூக்கவில்லை என்று அழுதாள். பொய் சொல்லாதே என்றார். அவள் மறுபடியும் மறுபடியும் இல்லை என்றாள்.

மகள் என் கையை விட்டாள்.

"அப்பா, அவ பொய் சொல்லேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். நீங்கள்தானே உடைத்தீர்கள் என்று கூடச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னொரு அடி விலகிப் போயிருந்தேனென்றால், பிறகு வாழ்க்கையில் எதையும் அவளுக்குப் புத்தியாகச் சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

போனேன். வாய்க்குள் ஒரு வசனம் சேர்த்து வைத்திருந்தேன், கிட்டப் போனதும் அது காணாமல் போய்விட்டது. பைக்குள் கைவிட்டுக் காம்பை எடுத்து நீட்டினேன். என் பிழை, உங்கள் மகள் இல்லை, நான் உடைத்தேன் என்று எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன்.

அவர் காம்பை வாங்கி, பூசணிக்காயின் தலையில் முறிந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. ஏன் என்று கேட்டார். கடையில் வாங்குவது போல நினைத்தேன் என்று, தட்டியும் திருகியும் கையால் காட்டினேன். ஏச்சுக்குத் தயாராகத்தான் நின்றேன்.

ஆனால் அவர் தன் மகளின் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். அவளுக்கு முன்னால் அந்தப் புல்லில் ஒரு முழங்காலைக் குத்தி இருந்தார். மன்னித்துக்கொள், நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும் என்றார்.

அவள் உடனே சமாதானமாகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்று தரம் சொன்னேன் என்றாள். ஓம், நீ மூன்று தரம் சொன்னாய் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் ஐயா நல்ல மனிதர். ஆனால் பிழையாக அடித்துவிட்டாலும், அன்றைக்கு மிட்டாய் வாங்கி வருவாரே தவிர, மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நானும் அப்படித்தான். அப்பாமார் பிள்ளைகளுக்கு முன்னால் முழங்காலில் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது.

நாங்கள் நாலு பேருமாகக் கொட்டகைக்குப் போனோம். தாள் வைத்திருந்த பெண்ணிடம் நானே சொன்னேன், விளங்காத இடங்களில் மகள் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் நாடாக்கள் கட்டியாகிவிட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். சிறுமியின் முகம் மறுபடியும் சுருங்கியது. அதை என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

பிரியும்போது அவள் என்னிடம், காம்பைத் திருகிப் பார்த்தீர்களே, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். முற்றிய, முதல் தரமான பூசணிக்காய் என்றேன். அவள் அதைத் தன் அப்பாவிடம் திருப்பிச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு அது ஒன்றுதான்.

மனைவியைச் சூப் வரிசைப் பக்கம் கண்டுபிடித்துப் புறப்பட்டோம். திரும்பும் வழியில் சொன்ன சொல் தவறாமல் கொங்கிரீட் செம்மறியாட்டுக்குள் ஏறினோம். மனைவி கால் வலிக்கிறது என்று கீழே நின்றுவிட்டாள். மேலே, ஆட்டின் கண்ணுக்குள்ளால் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மகளிடம் சொன்னேன்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ எண்டு அப்பா சொன்னது பிழை. சொரி, குஞ்சு."

அவள் ஆட்டின் கண்ணை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இப்ப சொல்லலாமா?"

"நானே சொல்லுறன்."

சொன்னேன். எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பரமட்டா வரும் வரைக்கும் மனைவி விட்டு விட்டுச் சிரித்தாள். "காம்பு பாக்கத் தெரிஞ்ச ஆளை அனுப்பினன் பாருங்கோ" என்று இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லுவாள். அன்றைக்குக் கறிக்குப் பூசணிக்காய் வாங்கவே மறந்துபோனோம்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வீட்டில் ஏதாவது உடைந்தால், காணாமல் போனால், எனக்கு இன்னும் முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் ஒரு பிள்ளை "நான் செய்யேல்லை" என்று சொன்னால், இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் சொல்ல வைக்காமல், அந்த முதல் தரத்திலேயே நின்று கேட்க இன்றைக்கும் பழகிக்கொண்டிருக்கிறேன்.