பன்னிரண்டாவது பொதி

நீண்ட இறக்கத்தில் சைக்கிள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் உரசும் ரப்பர் கட்டை சூடேறி ஒரு வாடை வரும். பள்ளிக்கூடத்தில் அழிரப்பரை மேசைமேல் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பார்ப்போமே, அதைவிடக் கொஞ்சம் காட்டமான வாடை. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும் அது தெரியாது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் தோப்பும்படி பாலம், இறக்கம் என்றால் அதே பாலத்தின் மறுபக்கம், அவ்வளவுதான். அந்த வாடை மூக்கில் இருந்த தைரியத்தில்தான் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பொய் எங்கள் வீட்டில் சௌகரியமாகக் குடியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சைக்கிளில் மூணாறுக்கு அழைத்துப் போவது என்று பி.டி. டீச்சர் முடிவு செய்தார். டீச்சரோடு சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர். ஒரு மாதம் தினமும் காலையில் தோப்பும்படி பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினோம். மீன் கூடைகளோடு போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் நாள் கோதமங்கலம், இரண்டாம் நாள் நேரியமங்கலம் பாலம் தாண்டிக் காட்டுக்குள் ஏறி அடிமாலி, மூன்றாம் நாள் மூணாறு என்று திட்டம்.

மூணாறு என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் தொற்றிக்கொண்டது. என் அம்மா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து 'லய'த்தில், அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் பிறந்தவர். கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அதே லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் என் சிநேகிதி ஷெமீனாவிடம் நான் சொல்லியிருந்தது வேறு. எங்கள் அம்மா வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தேயிலை என்று ஒருமுறை சொன்னேன், அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் அதை எங்கள் தேயிலை என்று எடுத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க நான் தோட்ட முதலாளி வீட்டுப் பேத்தி ஆகிவிட்டேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அம்மா சும்மா இருப்பாரா? எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் போன் வந்திருந்தது. லயத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் உங்கள் வளைவைத் தாண்டுவார்கள், பன்னிரண்டு பேர், போய்ப் பார் என்று சொல்லிவிட்டார். "பெரியம்மா ரோட்டுல நிக்கும், பாத்துட்டுப் போ" என்று என்னிடமும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

காட்டுப் பாதை இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. நேரியமங்கலம் தாண்டியதும் வெயில் மரங்களுக்கு மேலேயே நின்றுவிட்டது. கால் வைத்த இடமெல்லாம் அட்டை, சாலையோரம் அருவியின் சாரல், கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எங்கள் பைகளையே பார்க்கும் குரங்குகள். "சவுட்டிக்கோ, சவுட்டிக்கோ" என்று டீச்சர் பின்னாலிருந்து மிதிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் அடிமாலி தாண்டியதும் மிதிக்க ஒருவருக்கும் தெம்பில்லை. தேயிலை தென்பட ஆரம்பித்த இடத்தில் எல்லோரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம்.

வளைவில் சுவர்மேல் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாக்குக் கட்டிய வேலைக் கோலத்தில் நின்றுவிடுவாரோ என்று வழியெல்லாம் பயந்தேனே, அப்படியில்லை. லீவு போட்டுவிட்டு, அம்மாவின் கல்யாணத்துக்கு எடுத்த குங்குமக் கலர் பட்டுப்புடவையைக் கட்டி வந்திருந்தார். ஆனால் விரல்களில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்ததை என் கண் உடனே கண்டுபிடித்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய கூடை.

"சின்னு" என்று கூப்பிட்டார். அது வீட்டுப் பெயர். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த ஷெமீனா, உன்னைத்தானே கூப்பிடுகிறது என்று கேட்டாள்: "ஆராடீ அது? நின்னயல்லே விளிக்கணது?"

"எனிக்கறியில்ல," என்றேன். "ஏதோ பாண்டிச்சி."

எங்கள் ஊரில் தமிழர்களை மட்டம் தட்டுவதற்கென்றே உள்ள வார்த்தை அது. இரண்டாம் வகுப்பில் என்னை 'பாண்டி' என்று ஒருத்தி கூப்பிட்டதற்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதவள் நான். அதை எடுத்து என் பெரியம்மாவின்மேல் போட்டேன். ஐந்தாறு அடி தூரம்தான். பிறந்ததிலிருந்து கேரளத்தில் இருக்கிற பெரியம்மாவுக்கு மலையாளத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு ஷெமீனாவிடம் திரும்பி, "மோளே, இது நேர்ச்சச் சோறாணு. வாங்கிக்கோ" என்றார். சாமிக்கு வேண்டிக்கொண்டு வழிப்போக்கர்களுக்குக் கொடுக்கிற சோறு என்று அர்த்தம். அவருக்கு அப்படி ஒரு வேண்டுதலும் கிடையாது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

மேலே சமதளம் வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து வாழையிலைப் பொதிகளைப் பிரித்தார்கள். எலுமிச்சைச் சோறு, தேங்காய்த் துவையல், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. அந்தச் சேச்சிக்கு நல்லது வரட்டும் என்று டீச்சரே சொன்னார். முன்னால் போன பிள்ளைக்கும் கொடு என்று சொல்லி என் பங்கையும் பெரியம்மா கொடுத்தனுப்பியதாக ஷெமீனா ஒரு பொதியை நீட்டினாள். பசிக்கவில்லை என்றேன். பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பொதி ஒரு மணி நேரம் என் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியது. பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு சுவரில் வைத்தேன். இலையை முடிந்த நாரை ஒரு குரங்கு பொறுமையாகப் பிரித்ததைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் அதே சாலையில் இறங்கினோம். நாலு விரலும் மரத்துப்போகப் பிரேக்கைப் பிடித்தபோது அந்த ரப்பர் வாடை வந்தது. வளைவில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெரியம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டே என்று கேட்டார். ஹோட்டலில் பொரோட்டா என்றேன். வேறே ஒண்ணும் சாப்பிடலையா என்று மறுபடியும் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அடுத்து பெரியம்மாவைப் பற்றிக் கேட்டுவிடுவார் என்று நானாகவே ஆரம்பித்தேன்: "பெரியம்மாவப் பாத்தேம்மா. இறக்கம்ல, வேகமா வந்தேன், பிரேக் புடிக்கல. நிக்க முடியல."

"ஆமா, இறக்கத்துல எப்படி நிப்ப," என்றார் அம்மா.

அன்றே உறைத்தது. கொச்சியிலிருந்து போகிறவளுக்கு அந்த வளைவு ஏற்றம். அந்த ஏற்றத்தில் தினமும் ஏறிப் பள்ளிக்கூடம் போனவரிடம்தான் அதை இறக்கம் என்று சொல்லியிருந்தேன். மாட்டிக்கொள்வேன் என்று பல நாள் காத்திருந்தேன். அம்மா கேட்கவே இல்லை. மலையை விட்டு வந்து வெகுநாளாயிற்று, மறந்திருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் அதிர்ஷ்டத்தை நினைத்துக் கொஞ்சம் கர்வப்பட்டதும் உண்டு.

அதற்குப் பிறகு பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நாங்கள் மீன் வாங்கி வைத்திருந்தாலும், எனக்கென்று தனியாக எலுமிச்சைச் சோறு கிளறி ஒரு முட்டையை அவித்து உரித்து வைப்பார். "உனக்குப் புடிக்குமே" என்பார். எனக்குப் பிடிக்கும் என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு செய்கிறார் என்று எண்ணி, தலையைக் குனிந்து தின்று முடிப்பேன். என் கல்யாணத்தன்று காலையிலும் அதைத்தான் ஊட்டினார். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மாதம் என் மகள் தன் சிநேகிதிகளோடு மூணாறுக்குச் சைக்கிளில் போனாள். நான் காரில் பின்னால் போனேன். சாலையை அகலப்படுத்தியதில் அந்தச் சுவர் போய்விட்டது, வளைவும் பாதிதான் மிச்சம். லயத்தில் பெரியம்மா இருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. இறங்கும்போது மகளின் சைக்கிளை முகர்ந்து பார்த்தேன். இப்போதைய பிரேக்கில் அந்த வாடை வருவதில்லை.

திரும்பி வந்து, பயறு ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அது ஏத்தம்மா," என்றேன். "நான் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்."

எதைச் சொல்கிறாய் என்று அம்மா கேட்கவில்லை. "தெரியும். அன்னைக்கே அக்கா போன் பண்ணுச்சு," என்றார். "வேற ஒண்ணும் சொல்லல. பிள்ள ரொம்ப எளச்சிருந்தா, குடுத்து விட்ட சோத்தச் சாப்பிட்டாளான்னு கேட்டுச் சொல்லுன்னுச்சு."

"நீ என்ன சொன்னே?"

பயறில் கிடந்த கல் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார் அம்மா.

"முழுக்கச் சாப்பிட்டா, முட்டை ரொம்பப் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னான்னேன். அதுக்கு அப்புடி ஒரு சந்தோசம்."